ஃப்ரீசருக்குப் போர்த்திய கம்பளி

சேக் தாவூத் எடிசன் நகரை விட்டு ஒதுங்கி, நியூஜெர்சியின் வயற்காட்டுப் பக்கம் வீடு வாங்கியதே சனிக்கிழமைதோறும் சொல்லாமல் வரும் நண்பர்களிடமிருந்து தப்பிக்கத்தான். பக்கத்தில் ஆட்டுப் பண்ணை இருந்ததால், 2003 ஹஜ்ஜுப் பெருநாளுக்கு அதே நண்பர்கள் பன்னிரண்டு பேரும் குர்பானி ஆடு அறுத்துப் பங்கிடும் பொறுப்பை அவர் தலையில் கட்டினார்கள். பங்குக்கொரு பையாகப் பெயர் எழுதி, கராஜ் ஃப்ரீசரில் அடுக்கி, ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை பனிப்புயல் வந்தது. மதியம் கரண்ட் போனது.

கரண்ட் போனால் கறி கெடும் என்பது கீழக்கரையில் பிறந்தவருக்கு ரத்தத்தில் ஊறிய பாடம். போதாக்குறைக்கு, அவருக்குச் சம்பளம் வருவதே குளிர்பதனக் கிடங்குகளுக்கு வரைபடம் போடுவதில்தான். அடுத்தவர் நம்பி ஒப்படைத்த அமானிதம் வேறு. உள்ளிருக்கும் குளிர் வெளியேறாமலிருக்க, வீட்டிலிருந்த நான்கு கம்பளிகளையும் ஃப்ரீசருக்குப் போர்த்தினார். எடிசனுக்கு வீடுவீடாக போன் செய்தார். வண்டி எடுக்க வழியில்லை என்றார்கள். இரண்டு பேர் மட்டும் ஈரல் உண்டா என்று விசாரித்தார்கள்.

ஹீட்டரும் அணைந்துவிட, மனைவி மெஹர் நிஷாவும் மகள் ஹஃப்சாவும் கோட்டும் குல்லாவுமாக சோபாவில் ஒண்டியிருந்தார்கள். ஒரு மணி நேரம் பொறுத்த மெஹர் நிஷா கராஜுக்கு வந்தாள்.

"என்னங்க, வெளியில எத்தனை டிகிரி?"

"மைனஸ் எட்டு."

"ஃப்ரீசருக்குள்ள?"

"மைனஸ் பதினெட்டு. பத்து டிகிரி டிஃபரன்ஸ் இருக்குல்ல?"

"அந்தப் பத்தை நாங்க விட்டுக்குடுத்துட்டோம். கறியத் தூக்கிப் பனியில வைங்க, கம்பளியக் குடுங்க."

பன்னிரண்டு பைகளும் கொல்லைப் பனிக்குள் போயின. அடையாளத்துக்கு ஒரு குச்சி நடவேண்டும் என்பது மட்டும் பொறியாளருக்குத் தோன்றவில்லை. இரவு முழுக்கக் கொட்டிய பனியில், காலையில் கொல்லை மாவு சலித்துக் கொட்டியதுபோல ஒரே சமமாகக் கிடந்தது.

புதன்கிழமை பாதை திறந்ததும் பன்னிரண்டு கார்களும் வந்துவிட்டன. உண்மையைச் சொல்வதைத் தவிர வேறு வழியில்லை. ஆளுக்கொரு மண்வாரியோடு தோண்டியதில் பதினொரு பைகள் கிடைத்தன. யாசின் பையை மட்டும் காணோம். தாவூத் முகம் செத்துப்போய், கராஜ் ஃப்ரீசரிலேயே கிடந்த தன் வீட்டுப் பங்கை எடுத்துவந்து நீட்டினார்.

"அத ஏன் பாய் எங்கிட்ட குடுக்குறீங்க, அடுப்புல ஏத்துங்க. எல்லாரும் பசியில இருக்கோம்," என்றான் யாசின்.

அன்று சாப்பிட்டுவிட்டு இருட்டிய பிறகுதான் கலைந்தார்கள். சனிக்கிழமை வந்து மீதியைத் தோண்டுவதாக யாசின் சொன்னான். வந்தான், துணைக்கு நாலு பேரையும் கூட்டிவந்தான். அடுத்தடுத்த சனிக்கிழமைகளிலும் வந்தார்கள்.

பை மார்ச்சில் அகப்பட்டது. தாவூத் அதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.