நாலு டயலுக்கும் சந்தனம்

வேலையில் இருந்தவரை விஜயதசமி காலை எனக்கு நிம்மதியாக விடிந்ததில்லை. திருச்சியில் ஒரு தையல் மெஷின் கடையில் டெமோவும் சர்வீஸும் பார்த்தவள் நான். முதல் நாள் ஆயுத பூஜைக்குத் துடைக்கிறேன் என்று எதையாவது கழற்றிவிட்டு, மறுநாள் "மேடம், மெஷின் ஓடலை" என்று போன் செய்வார்கள். கும்பிடுகிற கையாலேயே கெடுத்து வைக்கிறார்களே என்று எரிச்சலாக வரும்.

ஸ்ரீரங்கத்து வசந்தாவும் அப்படித்தான் கூப்பிட்டார். என் வயதுக்காரர். துணி விளிம்பை வெட்டிக்கொண்டே பிசிறு வராமல் தைக்கும் ஓவர்லாக் மெஷினை வீட்டுக்கு வாங்கியிருந்தார். தெப்பக்குளம் பக்கத்துத் துணிக்கடை ஒன்று அவருக்கு முதல் நைட்டி ஆர்டர் கொடுத்திருந்தது.

"இன்னைக்கு சாயங்காலம் கொண்டாரலைன்னா வேற ஆளைப் பாத்துக்கறேன்னுட்டாரு மேடம். ஓரம் அடிக்கிறது மட்டுந்தான் பாக்கி."

டவுன் பஸ் பிடித்துப் போனேன். மெஷின் பளபளவென்று இருந்தது. அதில் ஒரு நூல்கூட இல்லை.

ஓவர்லாக்குக்கு நாலு நூல். கடையில் கோர்த்துத்தான் கொடுப்போம். நூல் மாற்றும்போது பழைய நூலோடு புது நூலை முடிச்சுப் போட்டு இழுத்துக்கொள்வார்கள். நூல் கோர்க்கத் தெரியாமலே வருஷக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் உண்டு. எல்லாவற்றையும் உருவிவிட்டால் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரிதான்.

"யாருங்க உருவுனது?"

வசந்தா ஹாலைப் பார்த்தார். அங்கே அவர் கணவர் சுந்தரம் பேப்பருக்குப் பின்னால் இருந்தார். பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்து ரிட்டயர் ஆனவர்.

"ஆயுத பூஜைன்னா ஒர்க்‌ஷாப்ல மெஷின் மேல ஒரு தூசு இருக்கக் கூடாதுங்க. அந்தப் பழக்கம்."

"அது லேத்துங்க. இது ஓவர்லாக்" என்றேன், கொஞ்சம் சூடாகவே.

"காலையிலேருந்து நான் இவர்கிட்ட பேசலை மேடம்" என்றார் வசந்தா, அவர் காதில் விழும்படி.

துணியை அழுத்திப் பிடிக்கும் ஃபுட்டைத் தூக்கிவிட்டுக் கோர்க்க ஆரம்பித்தேன். ஊசி நூலோடு பின்னிக்கொடுக்கும் கொக்கிக்கு லூப்பர் என்று பெயர். முதலில் மேல் லூப்பர், அடுத்து கீழ் லூப்பர், கடைசியில்தான் இரண்டு ஊசிகளும். ஊசியை முதலில் கோர்த்தால் கீழ் லூப்பர் நூல் பட்டென்று அறுந்துவிடும். அந்த லூப்பரின் வழி உள்ளே ஒளிந்திருக்கும், ட்வீசர் இடுக்கி இல்லாமல் ஆகாது.

ஓட்டிப் பார்த்தேன். தையல் தொளதொளவென்று விழுந்தது. நூலை இறுக்கும் டென்ஷன் டயலை முழுக்கத் திருப்பியும் இறுகவில்லை. உருவிவிட்டு மறுபடி கோர்த்தேன். அதே தொளதொளப்பு.

"கடைக்குத்தான் எடுத்துட்டுப் போகணுங்க."

"அப்ப ஆர்டர் போச்சு" என்று வசந்தா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எனக்கு மனசு கேட்கவில்லை. என் கோபமெல்லாம் இறங்கிப்போயிற்று. கடைசியாக ஒருமுறை பார்ப்போமே என்று டயல் பக்கம் குனிந்தேன். சந்தன வாசனை அடித்தது.

"டயல்ல பொட்டு வெச்சீங்களா?"

"நாலுக்கும் வெச்சேன்" என்றார் சுந்தரம். "ஒண்ணுக்கு வெச்சு ஒண்ணை விடலாமா? காலையில துடைச்சுட்டேனே."

மேலே துடைத்துவிட்டார். உள்ளே, நூலை அழுத்திப் பிடிக்கிற இரண்டு தட்டுகளுக்கு நடுவில் சந்தனம் இறங்கிக் காய்ந்திருந்தது. தட்டுகள் ஒன்றோடொன்று சேராததால் நூல் வழுக்கிக்கொண்டு போயிருக்கிறது. விஷயத்தைச் சொன்னதும் சுந்தரம் பேப்பரைப் போட்டுவிட்டு எழுந்து வந்தார். பழைய வேட்டியை நாடாவாகக் கிழித்து, ஈரமாக்கி, தட்டுகளுக்கு நடுவில் விட்டு இழுத்தார். துணி மஞ்சளாக வந்தது. வெள்ளையாக வரும்வரை நாலு டயலிலும் விடவில்லை. பிறகு காய்ந்த துணியால் ஒருமுறை.

மூன்றாம் முறை கோர்த்தபோது தையல் இறுக்கமாக, சீராக விழுந்தது.

வசந்தா உட்கார்ந்துவிட்டார். ஒவ்வொரு நைட்டியாக வர வர, சுந்தரம் தரையில் உட்கார்ந்து ஓரத்தில் தொங்கிய நூல்வாலை நறுக்கினார். வெயில் இறங்கும் நேரத்தில் கடைசி நைட்டியும் முடிந்தது.

"ஏங்க, பையில அடுக்குங்க. வண்டியை எடுங்க, நானும் வரேன்."

அன்றைக்கு வசந்தா கணவரிடம் பேசிய முதல் பேச்சு அதுதான். அவர் சட்டையை மாட்டப் போனார்.

அதன் பிறகு ஓவர்லாக் வாங்க வருகிற எல்லோருக்கும் நூல் கோர்ப்பதோடு இதையும் சொல்லிக்கொடுத்தேன்: பொட்டை எங்கே வேண்டுமானாலும் வையுங்கள், நூல் போகிற வழியில் மட்டும் வேண்டாம். அடுத்த ஆயுத பூஜைக்கு வசந்தா வீட்டுக்குப் போயிருந்தேன். மெஷின் நூலும் உறையுமாக அப்படியே இருந்தது. அது உட்கார்ந்திருந்த மேஜையின் நாலு கால்களுக்கும் சந்தனம்.