பூண்டு வயலில் வியாழக்கிழமை லீவு

பூம்பாறையில் பூண்டு போடுகிறவனுக்கு லீவு என்று ஒன்று கிடையாது. செத்தால்தான் லீவு. அதுவும் அறுவடை சமயத்தில் செத்தால் ஊர்க்காரர்கள் முகம் சுளிப்பார்கள். அப்படிப்பட்ட ஊரில் வாரம் ஒரு நாள் லீவைக் கொண்டுவந்த ஆள் நான்தான். முற்போக்கு எண்ணமெல்லாம் ஒன்றும் இல்லை. பயம்.

அறுபதுகளின் நடுவில் எங்கள் ஊர்ப் பையன்கள் மீசை அரும்பியதும் கொடைக்கானல் பஸ்ஸில் ஏறிவிடுவார்கள். சீசனுக்கு என்று சொல்லிப் போவார்கள். சீசன் முடிந்தும் திரும்பமாட்டார்கள். படகுத்துறை, பங்களாத் தோட்டம் என்று எங்காவது ஒட்டிக்கொள்வார்கள். என் ஒரே மகன் ஒரு லாட்ஜில் ஒட்டிக்கொண்டான். எனக்கு இருப்பதோ மலைச்சரிவில் அடுக்கடுக்காகப் படி வயல். ஏறி இறங்க முழங்கால் ஒத்துழைக்காத வயது. அவன் வராவிட்டால் அந்த வயல் என்னோடு முடிந்தது. இந்த நினைப்பு வந்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை என்று எழுத ஆசைதான். என் மனைவி இதைப் படிப்பாள் என்பதால் உண்மையைச் சொல்கிறேன்: வழக்கத்தைவிட அதிகமாகவே இறங்கியது. பயந்தால் எனக்குப் பசிக்கும்.

ஒரு நாள் நானே பஸ் ஏறினேன். பேச வேண்டியதை வழியெல்லாம் மனப்பாடம் செய்தேன். மண், மானம், பரம்பரை எல்லாம் அதில் வந்தன. லாட்ஜின் பின்பக்கம் சமையல்கட்டு வாசலில் மகன் வந்து நின்றான். வெள்ளைச் சட்டை, பித்தளைப் பொத்தான். ஒரு கணம் வணக்கம் வைக்கப் போனேன். மனப்பாடம் பறந்துவிட்டது.

“வந்துருலே,” என்றேன். அவ்வளவுதான் மிச்சம் இருந்தது.

“வாரேன்ப்பா. வயக்காடு எனக்குப் பிடிக்காம இல்ல. ஆனா இங்க வியாழக்கிழமை லீவு. அன்னைக்கு மொதலாளியே வந்து எழுப்புனாலும் நான் எந்திரிக்க வேண்டியதில்ல. நம்ம வீட்ல கோழிக்கு முன்னாடி நீங்க கூவுவீங்க.”

“சரிடா, நீயும் வியாழக்கிழமை லீவு எடுத்துக்க.”

“அன்னைக்கு ஒரு சோலி சொல்லக் கூடாது. சொன்னீங்க, அடுத்த பஸ்ஸப் பிடிச்சிருவேன்.”

நான் திரும்ப வேண்டிய பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. அந்தப் பதற்றத்தில் வீட்டுப் பொதிக்குதிரையைக் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன்.

வந்தான். மற்ற நாட்களில் என்னைவிட நன்றாக வேலை செய்தான். வியாழக்கிழமை மட்டும் வெயில் ஏறி எழுந்து, வெந்நீரில் குளித்து, அதே வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு கோயில் சுவரில் உட்கார்ந்துவிடுவான். பித்தளைப் பொத்தான்களை மட்டும் லாட்ஜ்காரர் கழற்றி வாங்கிக்கொண்டார். ஊரில் கேட்டார்கள். லீவு என்று சொல்ல வெட்கப்பட்டு, காய்ச்சல் என்றேன். வாராவாரம் வியாழனன்று காய்ச்சல். பக்கத்து வீட்டம்மாள் கஷாயம் வைத்துக்கொண்டு வந்து, “இது முறைக்காய்ச்சல்ங்க, அசட்டையா விட்றாதீங்க” என்றாள். அந்தக் கஷாயத்தை நான்தான் குடிக்க வேண்டியிருந்தது.

அறுவடை வந்தது. பிடுங்கிய பூண்டைத் தாளோடு கட்டுக்கட்டாக வீட்டு முன்களம் முழுக்கப் பரப்பியிருந்தேன். அது நனைந்தால் தோல் கறுத்துவிடும். வடுகபட்டி வியாபாரி கையில் எடுத்துக்கூடப் பார்க்கமாட்டார். அன்று வியாழக்கிழமை. மனைவி மன்னவனூரில் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தாள். மதியத்துக்குமேல் மேற்கே வானம் கறுத்தது.

மகன் கோயில் சுவரிலிருந்து வந்து வீட்டுக்குள் படுத்திருந்தான். கூப்பிட்டால் பூண்டு பிழைக்கும், பையன் போய்விடுவான். கூப்பிடாவிட்டால் பையன் இருப்பான், பூண்டு போய்விடும். இதை யோசித்துக்கொண்டே களத்தை மூன்று சுற்று சுற்றினேன். ஒரு பூண்டைக்கூட எடுக்கவில்லை. பிறகு இருமினேன். நாலு வீடு கேட்கிற இருமல். உள்ளே அசைவில்லை. வாளியை உதைத்தேன். அது உருண்டுபோய் வாசற்படியில் மோதி நின்றது. கடைசியாகக் கட்டிக்கிடந்த பொதிக்குதிரையிடம் போனேன்.

“ஏலே குதிர! மழ வருதுலே! பூண்டு பூராம் வெளிய கெடக்குலே! வீட்டுக்குள்ள கொண்டு போக ஆளு இல்லையேலே!”

குதிரை காதை ஆட்டியது. வாசலில் மகன் சீப்போடு வந்து நின்றான்.

“என்னையவா கூப்பிட்டீங்க?”

“உன்னைய யார்ரா கூப்பிட்டா? நான் குதிரைட்ட பேசிக்கிட்டிருக்கேன்.”

“சரிங்கப்பா.” உள்ளே போய்விட்டான்.

அதற்குமேல் நடிக்க நேரமில்லை. அள்ள ஆரம்பித்தேன். அவசரத்தில் முதல் பூண்டுக்கட்டை வீட்டுக்குள் வைப்பதற்குப் பதில் குதிரைமேல் ஏற்றினேன், பழக்கம். அதை இறக்கினேன். இரண்டாவது கட்டோடு கால் தட்டி விழுந்தேன். எழுந்தபோது முதல் தூறல் என் மொட்டைத்தலையில் விழுந்தது. மழையை எனக்கு முன்னால் தெரிந்துகொள்ள ஊரில் ஆள் கிடையாது.

“அப்பா, கூப்பிடுங்க,” என்றான் வாசலிலிருந்து. இம்முறை சீப்பு இல்லை.

“மாட்டேன். நீ பஸ் ஏறிருவ.”

“பூண்டு நனையுதுப்பா.”

“நனையட்டும்டா! பூண்டு அடுத்த வெள்ளாமைக்கு வரும்.”

வெள்ளைச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். “நீங்க கூப்பிடல. நானா வாரேன். ஞாபகம் வச்சுக்கங்க,” என்று சொல்லிவிட்டுக் களத்தில் இறங்கினான். லாட்ஜில் தட்டு அடுக்கிய கை அது. நான் ஒரு கட்டு தூக்குவதற்குள் அவன் மூன்று தூக்கினான். ஓர் ஓரம் நனைந்தது. மற்றது தப்பியது.

மறுநாள் வெள்ளனே எழுந்து பார்த்தால் அவன் போர்த்திக்கொண்டு படுத்திருந்தான்.

“வெரசா எந்திரிடா, வெள்ளிக்கிழமை.”

“நேத்து டூட்டி பாத்தேன்ல. லாட்ஜ்ல லீவு அன்னைக்கு டூட்டி பாத்தா மறுநா லீவு.” போர்வைக்குள்ளிருந்தே சொன்னான்.

எனக்குக் கோபம் வந்தது. அதைவிட நிம்மதி அதிகமாக வந்தது. மறுநாள் லீவு கேட்கிறவன் பஸ் ஏறப்போவதில்லை. அன்றும் காய்ச்சல் என்று சொல்ல வாய் வரவில்லை. கேட்டவர்களிடம் லீவு என்றே சொல்லிவிட்டேன்.

அதுதான் தப்பாகப் போயிற்று. அடுத்த வயல்காரர், எனக்கு மாமா முறை, சண்டைக்கு வந்தார். அவர் மகன் கொடைக்கானலிலிருந்து வந்து, வயலுக்கு வருகிறேன், எனக்கு எந்தக் கிழமை லீவு என்று கேட்டானாம்.

“ஊரையே கெடுத்துட்டீரே மாப்ள! காளமாட்டுக்கே லீவு இல்ல, இவனுகளுக்கு லீவா?” என்று கத்தினார். தெரு முனை வரை போனவர் திரும்பி வந்து குரலைத் தாழ்த்தினார்.

“வியாழக்கிழமை குடுத்தா ஒத்துக்குவானா? இல்ல, ஞாயித்துக்கிழமதான் கேப்பானா?”

“எதுனாலும் குடுங்க மாமா,” என்றேன். “மொதல்ல ஒரு குதிரை வாங்கிக்கங்க. அன்னைக்குப் பேச ஆளு வேணும்.”