அரண்மனை வாசலில் செருப்பு

என்ன வேலை என்று கேட்பவர்களிடம் கதை சொல்கிறேன் என்பேன், சிரிப்பார்கள். சேலையூரில் ஒரு மழலையர் பள்ளியில் எல்.கே.ஜி. பிள்ளைகளுக்கு ராஜா ராணிக் கதை சொல்கிறேன். நாலு வயதுப் பிள்ளையின் கேள்விக்குப் பதில் தெரியாமல் முழித்திருக்கிறீர்களா? நீங்களும் நம்ம கட்சிதான்.

மூன்று வீடு

பன்றிக்குட்டிகள் வைக்கோல், குச்சி, செங்கல் என்று ஆளுக்கொரு வீடு கட்டின. வீட்டை ஊதித் தள்ள வந்த ஓநாய்க்காக நானும் உயிரைக் கொடுத்து ஊதினேன். முன்வரிசையில் எச்சில்கூடத் தெறித்தது. ஒருவரும் பயப்படவில்லை. முடிச்சூர் கவின் மட்டும் கையைத் தூக்கினான். மழைக்காலம் வந்தாலே அவன் வீட்டுச் சாமான்கள் மாடிக்கு ஏறிவிடும். "ஊதினா பரவால்ல மிஸ். தண்ணி வந்தா எங்க போவாங்க? மாடி கட்டலியா?"

நூறு வருஷத் தூக்கம்

அஃப்ரின் வீட்டில் ஓயாமல் பேசுவாளாம். பள்ளிக்கூடத்தில் வாயே திறப்பதில்லை. ஜூனில் சேர்ந்தவள், தீபாவளி நெருங்கியும் ஒரு வார்த்தை இல்லை. டாக்டரிடம் காட்டச் சொல்லிவிட்டார் தலைமை ஆசிரியை. அவளுக்காகவே, தூங்கிப்போன ராஜகுமாரி கதையைக் குறட்டையெல்லாம் விட்டுச் சொன்னேன். மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. சாயங்காலம் வாசலில் அவள் அம்மா கேட்டார்: "இன்னிக்காவது ஏதாச்சும் பேசுனாளா மிஸ்?"

ஒற்றைச் செருப்பு

மறுநாள் கண்ணாடிச் செருப்புக் கதை. ராஜகுமாரனோடு ஆடிய பெண், மணி பன்னிரண்டு அடித்ததும் ஓடினாள், படியில் ஒரு செருப்பு கழன்றது என்றேன். அரண்மனைக்குள் செருப்போடு போகலாமா என்று மடக்கினான் கவின். நியாயம்தான். எங்கள் வகுப்புக்கே செருப்பை வெளியில் விட்டுவிட்டுத்தான் வர வேண்டும்.

கதையை மாற்றினேன். வாசலில் குவிந்து கிடந்த செருப்புகளில், அவசரத்துக்கு ஒரு காலில் தன்னுடையதையும் மறு காலில் வேறு யாருடையதையோ மாட்டிக்கொண்டு ஓடிவிட்டாள். மிச்சமிருந்த கண்ணாடிச் செருப்போடு ராஜகுமாரன் தெருத்தெருவாக அலைந்து அவளைக் கண்டுபிடித்தான். கல்யாணம், சுபம், எல்லோரும் கை தட்டுங்கள் என்றேன். தட்டினார்கள். அஃப்ரின் தட்டவில்லை. அழைத்துப்போக வந்திருந்த அம்மாவைக்கூடக் கவனிக்காமல் எழுந்து வந்து என் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தாள். "மிஸ், செருப்பு காணாம போன அந்த இன்னொரு அக்கா எப்படி வீட்டுக்குப் போனாங்க?"

அவள் அம்மா அங்கேயே உட்கார்ந்து சந்தோஷத்தில் அழுதார். நான்தான் அந்த இன்னொரு அக்காவை எப்படி வீடு சேர்ப்பது என்று தெரியாமல் இன்றுவரை முழித்துக்கொண்டிருக்கிறேன்.