வழிகாட்டும் புரதமும் மரத்துப்போன இரண்டு விரலும்

ஆய்வுகூடத்தில் வேலை என்றால் வெள்ளை அங்கி போட்டுக்கொண்டு விஞ்ஞானம் வளர்ப்பது என்று ஊர் நினைக்கும். முட்டைக்கு அலைகிற பாடு என்னைப் போன்ற உதவியாளர்களுக்குத்தான் தெரியும்.

சேவல் காணாத முட்டை

கோழி முளையத்தில், அதாவது முட்டைக்குள் வளரும் கருவில், நரம்பு வளர்வதை மாணவர்களுக்குக் காட்டவேண்டும். கடையில் முப்பது முட்டை வாங்கி அடைகாப்புப் பெட்டியில் வைத்தேன். நாலாம் நாள் உடைத்தால் வெறும் மஞ்சட்கரு. பண்ணை முட்டை பொரிக்காது என்பது ஆய்வுகூடத்தில் உயிரியல் படித்த எங்கள் மூன்று பேருக்கும் மண்டையில் ஓடவில்லை. பிறகு இணுவிலில் ஊர்க்கோழி வளர்க்கும் செல்வமலர் அக்காவிடம் போனேன். கதையைக் கேட்டுவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"சேவலைக் காணாத முட்டையிலை குஞ்சு தேடினனீங்களோ? உங்கை உதெல்லாம் சொல்லித் தாறேல்லையோ தம்பி?"

கண்ணில்லாத நூல்

முளையத்தின் முதுகுக்குள் ஓடும் முண்ணாணில், அடிநடுவிலுள்ள உயிர்க்கலங்கள் நெட்ரின் என்றொரு புரதத்தைச் சுரக்கின்றன. மேலே இருக்கும் சில நரம்புக்கலங்கள் அதை நாடி நூல் போன்ற இழை விடும். வேறு சில நூல்களை அதே புரதம் விலக்கி அனுப்பும். சாயமிட்ட மெல்லிய திசுச் சீவலில் அந்த நூல்களைப் பார்க்கும்போது, பதினைந்து வருடம் கழித்தும் எனக்குக் கண்ணை எடுக்க மனம் வராது. எங்கள் ஆய்வுகூட வான் ஓட்டும் சாரதி தங்கராசா அண்ணையும் ஒருநாள் நுணுக்குக்காட்டியில் கண்ணை வைத்தார்.

"நான் கொழும்புக்குப் போனால் ஃபோனைப் பாத்தும் வழி பிழைக்கிறன், உது ஆரைக் கேட்டுப் போகுது?"

காத்திருக்கும் கலம்

செல்வமலர் அக்காவின் கணவர் தையல்காரர். கண்ணாடி வெட்டி, கை நரம்பு அறுந்து, வைத்தியர் அதைத் தைத்து ஐந்து மாதம். இரண்டு விரலில் உணர்ச்சியே இல்லை. ஊசி ஏறினாலும் தெரியாது, துணியில் இரத்தத்தைக் கண்டபிறகுதான் தெரியும். தைப்பதையே விட்டுவிட்டார். முட்டை கொண்டுவந்த அன்று, விரல் திரும்புமா என்று அக்கா கேட்டார். அறுந்த நரம்பு மெல்ல வளரும், அதிலும் நெட்ரினுக்குப் பங்கிருக்கிறது என்கிறார்கள், ஆனால் விரல்வரை போய்ச் சேருமா என்று எனக்குச் சொல்லத் தெரியாது என்றேன். சில கலங்கள் உயிரோடிருக்கவே இந்தப் புரதம் வேண்டும், கிடைக்காவிட்டால் தம்மைத் தாமே அழித்துக்கொள்ளும் என்பதையும் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அக்கா வெறுங்கூடையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"ஒருத்தரும் தேடி வராட்டில் அதுவும் மனுசரைப் போலத்தான், என்ன தம்பி?"

ஊசி

மூன்று மாதம் கழித்து ஒரு காலையில் ஃபோன் வந்தது. அக்காவுக்கு மூச்சு வாங்கியது.

"தம்பி, மனுசனுக்கு இப்ப ஊசி குத்தி நொந்துபோச்சுது, கையை உதறிக்கொண்டு சிரிக்கிறார்."

நெட்ரினா, வைத்தியரா, இணுவில் கந்தனா, நான் அறியேன். ஃபோனை வைத்துவிட்டு அழுதேன். மறுநாள் அக்கா பயற்றமாவில் செய்த பணியாரத்தோடு ஆய்வுகூடத்துக்கே வந்தார்.

கணவனுக்கு ஊசி குத்தியதற்காக மனைவி பயித்தம் பணியாரம் சுட்டுக் கொண்டுவந்து கொடுக்கும் தொழில், எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.