குடல் வாளியில் விழுந்த போன்

நான் பழவேற்காட்டில் மீன் விற்கிறேன். பத்தாவது படிக்கும் என் மகள், நான் சோறு போட வந்தாலே மூக்கைப் பொத்திக்கொள்வாள். "கவுச்சி அடிக்குதும்மா, கைய கழுவிட்டு வா" என்பாள்.

போன ஞாயிற்றுக்கிழமை வாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தேன். பக்கத்தில் நின்று மிக்சர் தின்றபடி போனில் வீடியோ பார்த்தவள், கைதவறி அதை மீன் குடல் கிடந்த வாளிக்குள் போட்டுவிட்டாள். ஈ மொய்க்கிற அந்த வாளியில் முழங்கை வரை கையை விட்டுத் துழாவி எடுத்தாள். நைட்டியில் துடைத்துவிட்டு மறுபடி பார்க்க ஆரம்பித்தாள். கையைக் கழுவவே இல்லை. ரத்தம் ஒட்டிய அதே விரல்களால் மிக்சரை அள்ளி வாயில் போட்டாள்.

மீன் நாற்றத்திலேயே பிழைக்கிற நானே முகத்தைச் சுளித்தேன்.

"இன்னாடி இது, கைய பாரு!" என்று கத்தினேன்.

"இரும்மா, முடியப் போவுது" என்றாள், தலையை நிமிர்த்தாமல்.

போனைப் பிடுங்கி வைத்துவிட்டேன். இப்போது பள்ளி விட்டு வந்ததும் என்னோடு உட்கார்ந்து இறால் உரிக்கிறாள். அதற்குப் பிறகுதான் போன், அதுவும் அரை மணி நேரம், என் கண்ணெதிரே. கழுவிய கையை என் மூக்கருகே நீட்டிக் காட்டினால்தான் கொடுப்பேன். நேற்றும் நீட்டினாள். முகர்ந்து பார்த்துவிட்டுச் சொன்னேன்:

"கவுச்சி அடிக்குதுடி, கைய கழுவிட்டு வா."