அந்த வீட்டில் அப்படி யாரும் இல்லை

மெஹராஜ் பேகத்துக்குப் பொய் சொல்ல வராது என்று அந்தத் தெருவே சொல்லும். புர்கா தைக்கத் துணி கொடுத்தவர்களிடம் வெள்ளிக்கிழமை என்றால் வெள்ளிக்கிழமை கொடுத்துவிடுவாள். மிச்சத் துணி அரை முழம் என்றாலும் சுருட்டி மேலே வைத்துத் திருப்பிவிடுவாள். நாற்பத்தாறு வயதுக்குள் அவள் உருப்படியாகச் சொன்ன பொய் ஒன்றே ஒன்று. ஒன்றைச் சொன்னவள் அதைத் தடுமாறியாவது சொல்லித் தொலைத்திருக்கலாம். ரொம்ப நன்றாகச் சொல்லிவிட்டாள்.

பட்டுக்கோட்டைக்குத் தெற்கே, தென்னந்தோப்பு முடிந்து உப்பளம் தொடங்கும் இடத்தில் இருக்கிறது அவளுடைய ஊர். அங்கே முஸ்லிம் குடும்பங்களில் வீடு என்பது பெண்ணுக்குத்தான். மகளுக்குக் கல்யாணம் பேசும்போதே வீட்டை அவள் பெயரில் எழுதிவிடுவார்கள். மாப்பிள்ளை பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண்வீட்டுக்கு வந்து சேருவார். ஆண்பிள்ளைக்குக் கல்யாணம் ஆகிவிட்டால் பிறந்த வீட்டில் அவன் விருந்தாளி. அதில் யாருக்கும் வருத்தம் கிடையாது.

மெஹராஜின் தம்பி சைபுல்லாவும் அப்படித்தான் போனான். அவளைவிடப் பத்து வயது இளையவன். உம்மா இறந்தபோது அவனுக்கு ஆறு வயது. சோறு ஊட்டியது, பள்ளிக்கு அனுப்பியது, கையைப் பிடித்து எழுத்துப் பழக்கியது எல்லாம் மெஹராஜ்தான். அவன் முதல் பாஸ்போர்ட் எடுத்தபோது இந்த வீட்டு முகவரியைக் கொடுத்தான். பிறகு இரண்டு தெரு தள்ளியிருந்த சாஜிதாவை நிக்காஹ் செய்து அவள் வீட்டுக்குக் குடிபோனான். பாஸ்போர்ட்டில் முகவரி மாறவில்லை. அந்த ஊரில் யாரும் மாற்றுவதில்லை.

சைபுல்லா கொழும்புக்கு ஜவுளி கொண்டுபோய் விற்பவன். நைட்டி, சுடிதார், குழந்தைகளுக்கான கவுன். போய்ப் பத்து நாள் தங்கி விற்றுவிட்டு வருவான். ஒரு தடவை அவன் தங்கியிருந்த அறையில் போலீஸ் புகுந்தது. உடன் தங்கியவனின் பையில் போதைப்பொருள் இருந்தது. உடன் தங்கியவன் அதற்குள் ஓடிவிட்டான், இவன் தூங்கிக்கொண்டிருந்தான். பதினைந்து வருடம் தண்டனை. உண்மையிலேயே இவனுக்கு அதில் பங்கு உண்டா இல்லையா என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம். தெரு இரண்டாகப் பிரிந்து நின்று பேசியது. மெஹராஜ் பேச்சில் சேரவில்லை. மனு எழுதப் போய்விட்டாள்.

எழுதிக் கொடுத்தவர் ஜமாஅத் செயலாளர் அப்துல் ஹமீது. அவர்தான் அந்த ஒப்பந்தத்தைப் பற்றிச் சொன்னார். அந்த நாட்டில் தண்டனை பெற்ற நம் ஆள் மிச்சத் தண்டனையை நம் நாட்டுச் சிறையில் கழிக்கலாம். அவர்கள் ஆளுக்கும் அப்படியே. இரண்டு அரசாங்கமும் பேசி வைத்திருக்கும் ஏற்பாடு. மூன்று பேர் சம்மதிக்க வேண்டும். அந்த அரசு, இந்த அரசு, மூன்றாவதாகக் கைதி.

"மூணாவது ஆளைப் பத்திக் கவலையே இல்ல" என்று சிரித்தாராம் ஹமீது.

மெஹராஜ் மாதம் ஒரு திங்கட்கிழமை முதல் பஸ் பிடித்துத் தஞ்சாவூர் போவாள். ஒரத்தநாடு தாண்டினால் இரண்டு பக்கமும் வயல்; நாற்று நடும்போதும் பார்த்தாள், அறுப்பு மெஷின் இறங்கும்போதும் பார்த்தாள். கலெக்டர் ஆபீஸ் வரிசையில் நிற்பாள். மனுவுக்கு ஒரு நம்பர் கொடுப்பார்கள், அதை வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவாள். மூன்று வருடம் இதுதான் வேலை. அவளுக்குப் பெரிய ஆசை எதுவும் கிடையாது. தம்பி விடுதலையாகி வர வேண்டும் என்றுகூட அவள் கேட்கவில்லை. திருச்சி ஜெயிலுக்கு வந்துவிட்டால் போதும். காலையில் போய்ப் பார்த்துவிட்டு மஃரிப் தொழுகைக்குள் வீடு திரும்பிவிடலாம்.

இந்தச் சமயத்தில்தான் அவளுடைய மகன் ஷஹ்பாஸுக்கு ஷார்ஜாவில் ஏசி மெக்கானிக் வேலை பேசி முடிந்தது. பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்திருந்தான். டிராவல்ஸ்காரர் அம்மாவையும் பிள்ளையையும் உட்காரவைத்துப் பாடம் நடத்தினார். போலீஸ் விசாரணைக்கு ஆள் வருவார், அக்கம்பக்கம் கேட்பார், வீட்டில் யார் மேலாவது வழக்கு உண்டா என்று கேட்பார். அப்போது மாமா பேச்சு வாயில் வரவே கூடாது. அதுவும் கொழும்பு, அதுவும் போதைப்பொருள். வந்தால் பிள்ளை பாஸ்போர்ட் அப்படியே முடங்கிவிடும். மெஹராஜ் சரி என்றாள். வீட்டுக்கு வரும்வரை பஸ்ஸில் அதையே மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஒரு புதன்கிழமை முற்பகல் வாசலில் மொபெட் வந்து நின்றது. சாதா உடையில் ஐம்பது வயதுக்காரர். தனிப்பிரிவுக் காவலர் தியாகேசன் என்று சொல்லிக்கொண்டார். கையில் மடித்த தாள். கடலோர ஊருக்கு இப்படி ஆட்கள் வருவது புதிதல்ல. அக்கரையிலிருந்து யாராவது வந்தார்களா, படகு எதுவும் கண்ணில் பட்டதா என்று கேட்பார்கள். எனக்கென்ன தெரியும் என்று பதில் சொல்லி அனுப்பிவிடுவது ஊர்ப்பழக்கம். எதற்குக் கேட்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்கும் பழக்கம் மட்டும் யாருக்கும் கிடையாது.

மெஹராஜ் முக்காட்டை இழுத்துக்கொண்டு எழுந்தாள். அவர் கதவு இலக்கத்தைப் பார்த்தார், தாளைப் பார்த்தார்.

"சைபுல்லான்னு ஒருத்தரு இந்த வீட்லதானே?"

அவள் ஷஹ்பாஸ் பெயரைத்தான் எதிர்பார்த்திருந்தாள். டிராவல்ஸ்காரர் சொன்னது அப்படியே நடக்கிறது, எடுத்த எடுப்பிலேயே மாமாவுக்கு வந்துவிட்டார் என்று நினைத்தாள்.

"அந்தப் பேச்செல்லாம் இங்க இல்லீங்க. இது என் வீடு. அப்படி யாரும் இங்க இல்ல."

"உங்களுக்குச் சொந்தமா? தெரிஞ்சவரா?"

"தெரியாதுங்க."

தியாகேசன் கெட்ட மனிதர் அல்ல. அவசரம் இல்லை, நன்றாக யோசித்துச் சொல்லுங்கள் என்று இன்னொரு தடவை கேட்டார். அவள் இன்னொரு தடவை இல்லை என்றாள். குரல் பிசிறக்கூட இல்லை. மேற்படி நபர் இந்த முகவரியில் இல்லை, அவர் எனக்குத் தெரியாதவர் என்று அவரே எழுதிக் கையெழுத்துக் கேட்டார். அவள் முத்து முத்தாகப் போட்டுக் கொடுத்தாள். வெயிலில் வந்தவராயிற்றே என்று மோரும் கொடுத்தாள். குடித்துவிட்டுப் போனார்.

மூன்றாம் நாள் வேறொரு போலீஸ்காரர் வந்தார். ஷஹ்பாஸின் பெயரைக் கேட்டார், படித்த பள்ளியைக் கேட்டார், போனில் படம் பிடித்துக்கொண்டார். மாமாவைப் பற்றியோ சித்தப்பாவைப் பற்றியோ ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்படியானால் முதலில் வந்தவர் யார் என்று மெஹராஜுக்கு ஒரு நொடி தோன்றியது. ஒரு விசாரணைக்கு இரண்டு பேர் வருவார்கள் போலிருக்கிறது என்று விட்டுவிட்டாள். பிள்ளைக்குப் பாஸ்போர்ட் வந்தது, பறந்துவிட்டான்.

ஏழு மாதம் கழித்து, கொழும்பிலிருந்து கைதிகள் சிலரை ஒப்பந்தப்படி அழைத்து வந்ததாகச் செய்தி வந்தது. அவர்களில் சைபுல்லா இல்லை. அப்துல் ஹமீது தகவல் கேட்டு எழுதிப்போட, பதிலும் வந்தது. ஜமாஅத் அலுவலகத்தில் மெஹராஜையும் சாஜிதாவையும் வைத்துக்கொண்டு அதைப் படித்தார். கைதி இந்தியக் குடிமகன்தானா என்று உறுதிசெய்ய, அவர் கொடுத்த முகவரியில் விசாரிக்கப்பட்டது. அங்கே குடியிருப்பவர், அப்படி யாரும் இல்லை, தெரியாது என்று எழுத்து மூலம் தெரிவித்துவிட்டார். ஆகவே பரிசீலிக்க இயலவில்லை.

மூன்று வருடம் டெல்லியிலிருந்து முத்திரை குத்திய கடிதம் வரும் என்று தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தவள் அவள். அவள் கொடுத்த மனுக்கள் சென்னை போய், டெல்லி போய், கடல் தாண்டிக் கொழும்பு போய், திரும்பி வந்து, கடைசியில் மொபெட்டில் ஏறி அவள் வாசலுக்கே வந்திருக்கின்றன. அவள் மோர் கொடுத்து அனுப்பிவைத்துவிட்டாள். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வது என்பார்கள். இவள் தம்பி தலையிலும் சேர்த்துப் போட்டாள்.

சாஜிதா அழவில்லை.

"என் வீட்டு வாசல்ல வந்து கேட்டிருந்தா, என் புருஷன்னு சொல்லியிருப்பேன் மச்சி" என்றாள் நாத்தனாரிடம். பிறகு எழுந்து போனாள். அவர்கள் இருவரும் பேசிக்கொண்டது அதுதான் கடைசி.

சிறையிலிருந்து மாதம் ஒரு தடவை போன் பேச அனுமதி உண்டு. அந்த மாதம் சைபுல்லா பேசினான். அக்காவிடம் நலம் விசாரிக்கவில்லை.

"பேப்பரைக் காட்டினாங்க லாத்தா. உங்க கையெழுத்து இருந்துச்சு."

அவள் ஷஹ்பாஸ், பாஸ்போர்ட், டிராவல்ஸ்காரர் என்று முன்பின்னாகக் கொட்டினாள். கேட்டுக்கொண்டிருந்தானா, கேட்டதும் வைத்துவிட்டானா என்று அவளுக்குத் தெரியவில்லை. அடுத்த மாதம் போன் வரவில்லை. அதற்கடுத்த மாதமும் வரவில்லை.

விழுந்ததைத் தூக்கி நிறுத்த மெஹராஜுக்கு இன்னும் மூன்று வருடம் பிடித்தது. பழைய ரேஷன் கார்டு, பள்ளி மாற்றுச் சான்றிதழ், உம்மாவின் இறப்புச் சான்று, நோட்டரி கையெழுத்து என்று தேடித் தேடிச் சேர்த்தாள். பயத்தில் பொய் சொல்லிவிட்டேன் என்று முத்திரைத்தாளில் எழுதிக் கொடுத்தாள். இதற்கு நடுவில் சாஜிதாவின் வாப்பா, பெண் இன்னும் எத்தனை காலம் காத்திருப்பாள் என்று ஜமாஅத்தில் குலா கேட்டு மணவிலக்கு வாங்கிவிட்டார். அவளை மன்னார்குடிப் பக்கம் மறுபடி கட்டிக் கொடுத்துவிட்டார்கள். அந்தச் செய்தியும் கடிதமாகச் சைபுல்லாவுக்குப் போனது. ஷஹ்பாஸின் ஷார்ஜா கம்பெனி பதினோராவது மாதம் மூடிவிட்டது. எந்தப் பாஸ்போர்ட்டுக்காகத் தாய் மாமனைத் தெரியாது என்றாளோ, அது இப்போது பீரோவில் கிடக்கிறது. பிள்ளை தேங்காய் லோடு ஓட்டுகிறான்.

இரண்டாவது விசாரணைக்கும் தியாகேசனே வந்தார். இந்தத் தடவை அவள் எல்லாவற்றையும் சொன்னாள், படங்களைப் பரப்பினாள். அவர் எழுதி முடித்து நிமிர்ந்தார்.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமேம்மா."

"எதுக்கு வந்திருக்கீங்கன்னு நீங்க அன்னைக்கே சொல்லியிருக்கலாமேங்க."

அவர் பேனாவை மூடினார். சொல்லக்கூடாது என்றார், ரகசியக் கோப்பாம். தன் தம்பி தன் தம்பிதானா என்பதில் என்ன ரகசியமோ, அது அரசாங்கத்துக்கே தெரியும்.

ஆனால் வேலை நடந்தது. இந்திய அரசு சம்மதித்தது, இலங்கை அரசும் சம்மதித்தது. அப்துல் ஹமீது வீடு தேடி வந்து சொன்னார். மெஹராஜ் தரையில் நெற்றி பதித்துச் சுஜூது செய்தாள். கடைக்குப் போய் இரண்டு கைலி எடுத்து வந்து, அன்றே மெஷினில் மூட்டி வைத்தாள். திருச்சி ஜெயிலில் கைலி அனுமதிப்பார்களா என்று கேட்டுச் சொல்லும்படி ஹமீதை இரண்டு தடவை கேட்டாள்.

மூன்று வாரம் கழித்து மொபெட் வந்தது. தியாகேசன் உட்காரவில்லை. நின்றபடியே தாளை நீட்டினார். கைதியின் சம்மதம் கேட்டு அங்கே கொடுத்த படிவத்தின் நகல். அடியில் பேனாவால் தமிழில் நாலு வரி. அந்த எழுத்தை அவள் எங்கே பார்த்தாலும் அடையாளம் கண்டுகொள்வாள். அவள் கையைப் பிடித்துப் பழக்கிய எழுத்து.

'மெஹராஜ் பேகம் என்பவர் யாரென்று எனக்குத் தெரியாது. அந்த முகவரியில் எனக்கு யாரும் இல்லை. நான் போக விரும்பவில்லை. மிச்சத் தண்டனையை இங்கேயே கழித்துக்கொள்கிறேன்.'

அவள் இரண்டு தடவை படித்தாள். இன்னும் எத்தனை வருடம் என்று கேட்டாள். எட்டு என்றார் தியாகேசன்.

"இந்தத் தாளையாவது நான் வச்சுக்கட்டுங்களா? அவன் எழுத்துங்க."



"நகல் ரத்த சொந்தத்துக்குத்தாம்மா குடுக்கலாம். அவரு இல்லைன்னு எழுதிட்டாரே."

தாளை அவள் விரல்களிலிருந்து மெதுவாக வாங்கினார். நாலாக மடித்துப் பையில் வைத்தார். படித்துக் காட்டப்பட்டது என்பதற்கு இன்னொரு தாளில் கையெழுத்துக் கேட்டார். அவள் போட்டுக் கொடுத்தாள்.