ஒற்றை மணியில் நின்ற போன்

டயல்-அப் மோடம் போடும் சத்தத்தை இந்தக் காலத்துப் பிள்ளைகள் செல்போனில் போட்டுக் கேட்டுச் சிரிக்கிறார்கள். கீச்சென்று தொடங்கி, கரகரத்து, இழுத்துக்கொண்டே போகுமே, அதுதான். எனக்குச் சிரிப்பு வராது. எழுந்து வெளியே போய்விடுவேன்.

அப்போது நான் ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் வேலை பார்த்தேன். வீட்டில் அம்மாவும் நானும்தான். அக்காவை ஸ்ரீவில்லிபுத்தூரில் கட்டிக்கொடுத்திருந்தோம். அரை மணி நேரப் பஸ். ஆனால் நினைத்தபோது அவள் கிளம்பி வந்துவிட முடியாது. அத்தானுக்குக் கை நீட்டும் பழக்கம் இருந்தது. அந்த வீட்டில் போன் கூடத்தில், மாமியாரின் கட்டிலை ஒட்டி இருந்தது. அதில் எதையும் மனம்விட்டுப் பேச முடியாது.

அதனால் எங்களுக்குள் ஒரு ஏற்பாடு. மாமியார் கொல்லைப் பக்கம் போகும் நேரம் பார்த்து அக்கா எங்கள் நம்பரைச் சுற்றுவாள். மணி ஒரு தடவை அடித்து நின்றால், நல்லா இருக்கேன் என்று அர்த்தம். இரண்டு அடித்து நின்றால், வந்து கூட்டிட்டுப் போ. நாங்கள் எந்தப் போனையும் மூன்றாவது மணிக்கு முன்னால் எடுக்க மாட்டோம். இரண்டு மணி கேட்டுவிட்டால், நான் அடுத்த பஸ்ஸில் ஏறி, "அம்மாவுக்கு நெஞ்சு வலி, அக்காவப் பாக்கணுங்கிறா" என்று போய் நிற்பேன். அந்த ஒரு வருஷத்தில் அம்மாவுக்கு மூன்று தடவை நெஞ்சு வலி வந்தது. ஒவ்வொரு தடவையும் அக்கா நாலு நாள் எங்களோடு இருந்து, முகம் தெளிந்து திரும்பிப் போவாள்.

அந்தச் சமயத்தில்தான் எனக்குக் கம்ப்யூட்டர் பைத்தியம் பிடித்தது. கம்ப்யூட்டர் வந்தாயிற்று, இன்டர்நெட் வேண்டும், அதற்கு மோடம் வேண்டும். பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் இருந்த கடைக்காரர் மேஜை மேல் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று கம்ப்யூட்டருக்குள்ளேயே பொருத்துகிற கார்டு. இன்னொன்று வெளியே வைக்கிற சின்னப் பெட்டி.

"சார், வெளிய வைக்கிறத எடுங்க. முன்னால லைட் இருக்கு. லைன எடுத்திருக்கா, விட்டிருக்கான்னு கண்ணாலயே பாத்துக்கலாம். வேணாம்னா சுவிட்ச அமத்திருங்க. உள்ள போறது என்ன பண்ணுதுன்னு உங்களுக்கே தெரியாது" என்றார்.

"ரெண்டும் அம்பத்தாறு கே தான?"

"வேகம் ஒண்ணுதான் சார்."

"பொறவு என்ன? லைட்ட வச்சு நான் என்ன செய்ய?"

இரண்டு கம்ப்யூட்டர் பத்திரிகை படித்திருந்தேன். அந்தத் திமிர். விலை குறைந்த கார்டை வாங்கிக்கொண்டு வந்து நானே பொருத்தினேன். போன் லைனை அதில் செருகி, அதிலிருந்து இன்னொரு வயரைப் போனுக்குக் கொடுத்தேன். அதன் சத்தத்தைக் கேட்டு அம்மா பயந்ததால் ஸ்பீக்கரையும் அமர்த்திவிட்டேன்.

கார்டோடு ஒரு சிடி கொடுத்திருந்தார்கள். அதில் ஃபேக்ஸ் வாங்குகிற வசதி இருந்தது. வருகிற அழைப்பைத் தானாக எடுக்கவா என்று கேட்டது. எடு என்றேன். எத்தனை மணிக்குப் பிறகு என்றது. ஒன்று என்று அடித்தேன். எனக்கு யார் ஃபேக்ஸ் அனுப்பப் போகிறார்கள், கலெக்டரா? ஒரு நாதியும் கிடையாது. கிடைத்த வசதியை விடுவானேன் என்ற அற்பப் புத்திதான்.

வழக்கமாக நான் உட்காரும் நேரம் மட்டும்தான் கம்ப்யூட்டர் ஓடும். ஒரு நாள் ஹார்ட் டிஸ்க்கைச் சரிபார்க்கிற வேலையைப் போட்டுவிட்டேன். முடிய மணிக்கணக்காகும் என்று அப்படியே விட்டுவிட்டு ஷிப்டுக்குப் போனேன். சாயங்காலம் திரும்பி வந்தபோது அம்மா வாயெல்லாம் பல்லாக நின்றாள்.

"ஏலே, இன்னைக்கு ஒங்க அக்கா எம்புட்டு சந்தோசமா இருக்கா தெரியுமா? மத்தியானம் அஞ்சு தடவ ஒத்த மணி குடுத்துட்டா!"

"விட்டா நாள் பூரா அடிச்சுக்கிட்டே இருப்பா போல" என்று சிரித்தேன். சிரித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன். அந்தச் சிரிப்பை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

நாலு நாள் கழித்து, சும்மா நோண்டிக்கொண்டிருந்தபோது அந்த ஃபேக்ஸ் பக்கம் திறந்தது. அதில் ஐந்து வரிகள் இருந்தன. எல்லாம் அதே மத்தியானம், அரை மணி நேரத்துக்குள். அழைப்பு எடுக்கப்பட்டது, பக்கம் எதுவும் வரவில்லை என்று ஐந்திலும் ஒரே குறிப்பு. ஐயோ என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். அக்கா இரண்டாவது மணிக்காகக் காத்திருக்கிறாள். நான் பொருத்திய சனியன் முதல் மணியிலேயே எடுத்துவிட்டிருக்கிறது. இங்கே அம்மா காதில் ஒற்றை மணி, அங்கே அக்கா காதில் அந்தக் கீச்சுச் சத்தம்.

அம்மாவிடம் ஒன்றும் சொல்லாமல் பஸ் ஏறினேன். அக்கா அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். இடது கன்னம் கன்றிப்போய், மஞ்சள் பாரிக்கத் தொடங்கியிருந்தது. மாமியார் தண்ணீர் பிடிக்கப் போகும்வரை என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

"எடுத்ததும் காதுக்குள்ள கத்துச்சுலே" என்றாள், தலையைத் தூக்காமல். "அஞ்சு தடவையும் கத்துச்சு. சரி, இவ தொந்தரவு இனிமே வேணாம்னு தம்பி ஒரு மெஷின வச்சுட்டான்னு நெனச்சேன்."

"சத்தியமா இல்லக்கா. எவனோ ஃபேக்ஸ் அனுப்புவான்னு போட்டேன்க்கா." சொல்லும்போதே எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. "இப்பவே வா, போவோம். நெஞ்சு வலியும் வேணாம், ஒண்ணும் வேணாம். நேரா வா."

அவள் கொல்லைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள்.

"அன்னைக்குத் துணியெல்லாம் எடுத்துக் கட்டி வச்சிருந்தேன்லே. நாலு நாளைக்கு இல்ல, ஒரேயடியா வந்துரலாம்னு. அன்னைக்கு இருந்த தைரியம் இன்னைக்கு இல்ல. நீ போ, பஸ்ஸு போயிரும்."

கையைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை.

வீட்டுக்கு வந்து கார்டைப் பிடுங்கி எறிந்தேன். அதற்குப் பிறகும் அக்கா விடாமல் போன் அடித்தாள். எப்போதும் ஒரே ஒரு மணி. "நல்லா இருக்காளாம்" என்பாள் அம்மா. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு இரண்டாவது மணிக்குக் காத்து நிற்பேன். ஒரு நாளும் வரவில்லை. அம்மா கடைசிவரை மகள் அதற்குப் பிறகு அங்கே நல்லபடியாக வாழ்ந்தாள் என்று நம்பித்தான் கண்ணை மூடினாள். உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அத்தான் இறந்து சில வருஷம் ஆகிறது. அக்கா அதே வீட்டில் தனியாக இருக்கிறாள். போன மாதம் அவளுக்கு ஃபைபர் இணைப்பு வாங்கிக்கொடுத்தேன். ஆள் வந்து கூடத்துச் சுவரில் வெள்ளைப் பெட்டியை மாட்டிவிட்டுப் போனான். அவள் முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு அதையே பார்த்து நின்றாள்.

"ஏலே, இது என்னதுலே?"

"மோடம்க்கா. இன்டர்நெட்டுக்கு."

"நான் கூப்பிட்டா இது எடுத்துருமா?"

"எடுக்காதுக்கா."

"நல்லா பாத்துச் சொல்லு" என்றாள்.